கடலுக்குப் போகிற தண்ணீரும் கணக்கில் வரட்டும்

2021 நவம்பரில் பாலாறு பெருகி ஓடியபோது ஆம்பூரில் பாதி ஊர் பாலத்தின் மேல்தான் நின்றது. வாலாஜா அணைக்கட்டில் வினாடிக்கு ஒரு லட்சம் கன அடியைத் தாண்டிவிட்டது என்றார்கள். 1903-க்குப் பிறகு இப்படி ஒரு வெள்ளம் கிடையாது என்று பெரியவர்கள் சாட்சி சொன்னார்கள். அவர்களில் ஒருவரும் 1903-இல் பிறந்திருக்கவில்லை என்பது வேறு விஷயம். தண்ணீர் கொஞ்சம் வடிந்ததும் டிவியில் வழக்கமான பல்லவி ஆரம்பித்தது: இத்தனை தண்ணீரும் வீணாகக் கடலுக்குப் போகிறதே! ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி, விவசாயச் சங்கம், டீக்கடை என்று எல்லோரும் ஒத்துப்போகிற விஷயம் இது ஒன்றுதான். எனக்கு மட்டும் இதில் உடன்பாடு இல்லை.

நான் ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பெரிய பெண்ணைக் கல்பாக்கத்தை ஒட்டிய புதுப்பட்டினத்தில் கொடுத்திருக்கிறேன். அங்கே போனால் மருமகனின் ஸ்கூட்டரை வாங்கிக்கொண்டு வாயலூர்ப் பக்கம் கிளம்பிவிடுவேன். நந்தி மலையில் பிறந்து, கர்நாடகத்தில் 93 கிலோமீட்டர், ஆந்திரத்தில் 33, தமிழ்நாட்டில் 222 என்று ஓடிவரும் பாலாறு கடலைத் தொடுகிற இடம் அது. வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ராணிப்பேட்டை என்று இந்த ஆற்றங்கரையிலேயே ஆயுளைக் கழித்தவர்களில் எத்தனை பேர் அந்த முகத்துவாரத்தைப் பார்த்திருப்பார்கள்?

நல்ல மழை பெய்த வருடம் மார்கழியில் போனால் அங்கே ஆள் நடமாட்டம் இருக்கும். இடுப்பளவுத் தண்ணீரில் ஒருவர் வீச்சுவலையோடு நிற்பார். வலையின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மீதியைத் தோளிலும் முழங்கையிலும் அள்ளிப் போட்டு, உடம்பை ஒரு சுழற்றுச் சுழற்றி வீசுவார். வலை வட்டமாக விரிந்து விழும். ஓரத்து ஈயக்குண்டுகள் சளசளவென்று தண்ணீரில் இறங்கும். கயிற்றை மெல்ல இழுத்துக் கரையில் உதறினால் மடவை, கிழங்கான், பொடி எறா, சில நாள் ஒரு கொடுவா. விரல் நீளம்கூட இல்லாத குஞ்சுகளைப் பொறுக்கி மறுபடி தண்ணீரிலேயே விடுவார். அவர் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி நலம் விசாரிப்பு அல்ல. “இந்த வருசம் உங்க பக்கம் மழை எப்படி பாய்?” என்பதுதான்.

ஆம்பூர் மழையில் அவருக்கு என்ன வந்தது? சித்திரைக்குப் பிறகு அலை மணலைக் கொண்டுவந்து கொட்டி ஆற்றின் வாயை அடைத்துவிடும். உள்ளே தேங்கிய தண்ணீர் வெயிலில் உப்பேறிக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் வந்து மோதினால்தான் அந்த மணல்மேடு உடைந்து வாய் திறக்கும். எறா முட்டையிடுவது கடலில். குஞ்சு வளர்வதோ கழிமுகத்தில். அலையோடு உள்ளே வருகிற குஞ்சு, உப்பும் நன்னீரும் கலந்த தண்ணீரில் சேற்றை மேய்ந்து பெருத்து, பிறகு கடலுக்குத் திரும்பும். மடவைக்கும் கொடுவாவுக்கும் ஏறக்குறைய இதே கதைதான். வாய் திறக்காவிட்டால் உள்ளே வரவும் வழியில்லை, வெளியே போகவும் வழியில்லை. கடலில் வலைபோடுகிறவன் பிடிக்கிற எறாவில் பல, முன்பு ஏதோ ஒரு கழியில் வளர்ந்தவைதான். இன்னொன்று, வாடைக் காற்றும் புயல் எச்சரிக்கையும் படகைக் கரையில் கட்டிப்போடுகிற மாதங்களில் சிறு மீனவருக்கு அடுப்பு எரிவது இந்தக் கழித்தண்ணீரால்தான். அந்த மாதங்களில் பாடு குறைவு என்று அரசே ஒப்புக்கொண்டு நிவாரணம் கொடுக்கிறது.

இப்போது மீன்பிடித் தடைக்காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. முன்பு 45 நாளாக இருந்ததை 2017-இல் நீட்டினார்கள். மீன் இனப்பெருக்கம் செய்ய அவகாசம் வேண்டும் என்பது காரணம். குடும்பத்துக்கு நிவாரணம் 5,000 ரூபாயாக இருந்து 8,000 ஆகியிருக்கிறது. இரண்டு மாதத்துக்கு எட்டாயிரம்! ஆம்பூரில் நல்ல கைவேலைக்காரர் இந்தக் கூலிக்குத் திரும்பிப் பார்க்க மாட்டார். முணுமுணுப்பு உண்டுதான், ஆனாலும் படகுகள் நிற்கின்றன. அந்த இரண்டு மாதம் எங்கள் ஊர் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வஞ்சிரம் விலையைக் கேட்டுவிட்டுக் கெண்டை வாங்கி வருகிறோம். நாம் செய்கிற தியாகம் அவ்வளவுதான்.

மீன் பெருக வேண்டும் என்று கடற்கரைக்காரன் 61 நாள் கட்டுப்படுகிறான். அதே மீன் குஞ்சு வளர நன்னீர் வேண்டுமே, அதற்காக ஆற்றுக்கு மேலே இருக்கிற நாம் எத்தனை நாள் கட்டுப்படுகிறோம்? சட்டத்தில் ஒரு நாள்கூடக் கிடையாது.

எங்கள் தொழிலின் கணக்கைச் சொல்லாமல் இதைப் பேசினால் அழகில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் சுண்ணாம்புக் குழித் தண்ணீரும் குரோமியத் தண்ணீரும் வாய்க்கால் வழியே எங்கே போயிற்று என்று யாரும் கேட்டதில்லை. 1996 ஆகஸ்ட் 28-இல் வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் கேட்டது. கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டில் வேரூன்றியதில் எங்கள் ஆற்றுக்கும் பங்கு உண்டு. பெருமைப்பட முடியாத பங்கு. பிறகு அமைந்த ஆணையம் வேலூர் மாவட்டத்தில் 186 கிராமங்களில் 29,193 பேருக்கு இழப்பீடு என்று கணக்குப் போட்டது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன, ஒரு சொட்டும் வெளியேறக் கூடாது என்ற விதி வந்தது. நிலைமை முன்பைவிட மேல் என்று மனசாட்சியோடு சொல்வேன். குரோமியத்தைப் பிரித்துவிடலாம், பச்சைத் தோலைக் கெடாமல் வைக்கத் தடவுகிற உப்புதான் தலைவலி. தண்ணீரைக் காய்ச்சி உப்பைப் பிரித்தாலும் அந்த உப்பை எங்கே கொட்டுவது? ஒவ்வொரு மழைக்கும் மாராப்பட்டுப் பக்கம் ஆற்றில் நுரை பொங்குகிற படம் பேப்பரில் வருகிறது. மழை இருட்டில் யாரோ திறந்துவிடுகிறார்கள் என்று கரையோரத்தார் புகார் சொல்கிறார்கள். வாயலூர்க்காரர் வருடம் முழுக்கக் காத்திருப்பது அதே மழைத் தண்ணீருக்குத்தான்.

2025 ஜனவரி 30-இல் உச்ச நீதிமன்றம் மறுபடி பேசியது. இழப்பீட்டை முதலில் அரசு கொடுத்துவிட்டு, கெடுத்தவர்களிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும். ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்து ஆற்றைச் சீராக்க வேண்டும் என்றது. நல்ல தீர்ப்பு. ஆனால் பேச்செல்லாம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பற்றியே. ஆறு ராணிப்பேட்டை எல்லையில் முடிந்துபோவதாக நினைப்பு. காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்கள் வேறு கோப்பு. மீன்வளத் துறை அதைவிட வேறு கோப்பு.

“எங்கள் கிணறே வறண்டு கிடக்கிறது, நீ மீனுக்குத் தண்ணீர் கேட்கிறாயா?” என்று விவசாயி சண்டைக்கு வரலாம். நியாயம்தான். பாலாற்றங்கரையில் உட்கார்ந்துகொண்டு நாங்களே காவிரித் தண்ணீர் குடிக்கிறோம். மேலே கர்நாடகமும் ஆந்திரமும் கட்டிய தடுப்புகளைத் தாண்டி எங்களுக்கு வருவதே எப்போதாவதுதான். 1858-இல் கட்டிய வாலாஜா அணைக்கட்டு, வந்த தண்ணீரைக் காவேரிப்பாக்கம், மகேந்திரவாடி, தூசி என்று ஏரிகளுக்குத் திருப்பிவிடுகிறது. முகத்துவாரத்தை எட்டுகிற தண்ணீரில் திருமுக்கூடலில் வந்து சேர்கிற செய்யாற்றின் பங்கும் பெரிது. கடைசியாக வாயலூரிலும் ஒரு தடுப்பணை. அதை நான் குறை சொல்லவில்லை; கடல்நீர் ஆற்றுக்குள் ஏறி ஊற்றெல்லாம் கரித்துப்போவதை அது தடுக்கிறது.

ஆனால் விவசாயிக்கும் மீனவருக்கும் உண்மையான தகராறு எந்த வருடத்தில் என்று பார்க்க வேண்டும். 2021 போன்ற வருடத்தில் தண்ணீரை யாராலும் நிறுத்த முடியாது. அது தானே கடலுக்குப் போகும். பஞ்ச வருடத்தில் கொடுக்க ஒன்றும் இல்லை, கேட்கவும் கூடாது. மிச்சமிருப்பது நடுத்தரமான வருடங்கள். ஏரிகள் முக்காலுக்கு மேல் நிரம்பி, ஆற்றில் ஒரு வாரம் பத்து நாள் தண்ணீர் ஓடுகிற வருடங்கள். அப்போது தடுப்பணைக்கு மேல் தடுப்பணை கட்டிக் கடைசிச் சொட்டையும் பிடிப்பதா, மணல்மேட்டை உடைக்கும் அளவுக்காவது ஒரு பங்கை விடுவதா என்பது மனிதர்கள் எடுக்கிற முடிவு. இன்று அந்த முடிவை யாரும் உட்கார்ந்து எடுப்பதில்லை. மேலே தேங்கியது போக வந்தது வரட்டும் என்று விட்டிருக்கிறோம்.

என் யோசனை பெரிதாக ஒன்றுமில்லை. நடுத்தர வருடத்தில் முகத்துவாரத்துக்கு இவ்வளவு என்று நீர்வளத் துறையினர் ஒரு கணக்கு எழுதி வைக்கட்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தோல் ஷாப்புகளிலும் சுத்திகரிப்பு நிலையங்களிலும் இரவுச் சோதனை நடக்கட்டும். மீனவருக்குத் தடைக்காலம் என்றால் எங்களுக்கு இது. 61 நாள் இல்லை, 92 நாள். தொழில் நசிந்துவிடும் என்று முதலாளிகள் சொல்வார்கள். 1996-லும் அதையேதான் சொன்னார்கள்; தொழில் இன்னும் நடக்கிறது, ஆம்பூர் ஷூ இன்னும் கப்பலேறுகிறது. ஆற்றுத் தண்ணீரைப் பரிசோதிக்கிறவர்கள் வாயலூரிலும் ஒரு பாட்டில் நிரப்பிக்கொள்ளட்டும்.

இதோடு, நீதிமன்றம் சொன்ன குழு எங்கே கூடினாலும் முகத்துவாரத்துக் குப்பங்களிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டு உட்கார வைக்க வேண்டும். பயணப்படியையும் கொடுத்துவிடுங்கள். வாயலூரிலிருந்து வேலூர் வர செங்கல்பட்டு, காஞ்சிபுரம் என்று பஸ் மாறி மாறி வர வேண்டும். அன்றைக்கு அவருக்கு வலை வீச்சும் போய்விடும்.