சாக்கடைக்குச் சல்லடை

திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்காலில், ஜில்லா கலெக்டர் ஆபீசுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு டீக்கடையில் சென்ற திங்கட்கிழமை நாம் உட்கார்ந்திருந்த சமயம், குறைதீர்க்கும் நாளுக்கு மனுக்கொடுக்க வந்திருந்த சில பெரியவர்கள் ஒரு காகிதத்தை நம்மிடம் நீட்டி, "அய்யா, நீங்களும் இதில் ஒரு கையெழுத்துப் போடவேண்டும்" என்று கேட்டார்கள். வாங்கிப் படித்துப் பார்த்தோம். செல்போனில் வரும் ஆபாசப் படங்களால் வாலிபர்கள் கெட்டுப்போகின்றார்கள் என்றும், ஆதலால் இண்டர்நெட் கொடுக்கும் கம்பெனிகளே அப்படங்களை வடிகட்டி, சுத்தமானதை மாத்திரம் ஜனங்களுக்கு விடவேண்டுமென்று சர்க்கார் கட்டளையிட வேண்டும் என்றும் அதில் கண்டிருந்தது. நாம் கையெழுத்துப் போடவில்லை. "நீங்களே இப்படிச் செய்யலாமா?" என்று ஒருவர் வருத்தத்துடன் கேட்டார். அவருக்கு டீக்கடையில் சொன்ன பதிலையே இங்கு சற்று விரிவாக எழுதுகின்றோம்.

முதலாவதாக, நாம் ஆபாசத்திற்கு வக்காலத்து வாங்க வரவில்லை. பெண்ணை ஒரு பண்டமாக்கி விற்கும் வியாபாரம் எந்த ரூபத்தில் வந்தாலும், அது கோயிலின் பேரால் பொட்டுக்கட்டி வந்தாலும் சரி, செல்போனின் பேரால் படம் பிடித்து வந்தாலும் சரி, அதை நாம் வெறுக்கின்றோம். பத்து வயதுக் குழந்தையின் கையில் இந்தக் குப்பை வந்து விழுவது ஆபத்தென்பதையும் ஒப்புக்கொள்கின்றோம். நமது ஆக்ஷேபணையெல்லாம், நோய்க்கு மருந்தென்று காட்டப்படும் இந்தச் சல்லடை மருந்தாகுமா என்பதே.

இது புதிய யோசனையுமல்ல. 2013-ம் வருஷத்திலேயே இதைக் கேட்டு டில்லி சுப்ரீம் கோர்ட்டில் ஒரு வழக்குப் போடப்பட்டது. 2015 ஜூலையில் அவ்வழக்கு வந்தபோது, வயது வந்த ஒருவர் தன் அறைக்குள் உட்கார்ந்து பார்ப்பதைக் கோர்ட்டு எப்படித் தடுப்பதென்று பிரதம நீதிபதி தத்து அவர்களே கேட்டுவிட்டு, இடைக்காலத் தடை போட மறுத்தார். ஆனால் சர்க்காருக்கு அவசரம் வந்துவிட்டது. அம்மாதம் 31-ந் தேதி 857 தளங்களின் பெயரை எழுதி, இவைகளை மூடுங்கள் என்று டெலிபோன் இலாகா உத்தரவு போட்டது. உடனே நாடெங்கும் கூச்சல் கிளம்பிற்று. வெறும் சிரிப்புப் படங்கள் போடும் தளமும் அந்த ஜாபிதாவில் இருந்தது. ஆகஸ்டு 4-ந் தேதி, அதாவது அய்ந்தாம் நாளே, குழந்தைகளை வைத்து எடுத்த படங்கள் இல்லாத தளங்களைக் கம்பெனிகள் திறந்துவிடலாம் என்று சர்க்கார் பின்வாங்கிற்று. அதற்குக் கம்பெனிக்காரர்கள் என்ன சொன்னார்கள்? எந்தத் தளத்தில் எது இருக்கிறதென்று எங்களால் கண்டுபிடிக்க முடியாது, இந்த உத்தரவு நிறைவேற்றக்கூடியதல்ல என்றார்கள். வடிகட்ட வேண்டியவனே, வடிகட்ட என்னால் முடியாது என்று சொல்லிவிட்டபிறகு, வேங்கிக்காலில் மனு எழுதி ஆவதென்ன?

இதோடும் விடவில்லை. 2018 செப்டம்பரில் உத்தரகாண்ட் ஹைகோர்ட் பழைய உத்தரவை நிறைவேற்றச் சொல்லிற்று. மறுபடியும் அந்த ஜாபிதாவை எடுத்துப் பரிசோதித்துப் பார்த்ததில், 857-இல் 30 தளங்களில் ஆபாசமே இல்லை என்று சர்க்கார் இலாகாவே கண்டுபிடித்து, 827-ஐ மாத்திரம் மூடச் சொல்லிற்று. அப்படியானால் 2015-இல் அந்த 30 பேரும் செய்த குற்றமென்ன? இனி, மூடியதாவது மூடினபடி இருந்ததா என்றால் அதுவுமில்லை. அவைகளில் பெரிய தளம் ஒன்று, தன் பெயரின் வாலை மாத்திரம் மாற்றிக்கொண்டு, சில நாட்களுக்குள் வேறு வாசல் வழியாக வந்துவிட்டது.

இதற்குக் காரணம் யாருடைய சோம்பேறித்தனமும் அல்ல. இண்டர்நெட் வேலை செய்யும் முறையே அப்படி. கம்பெனிக்காரன் ஒரு தபால்காரனைப் போன்றவன். முன்பெல்லாம் கார்டில் எழுதியதுபோல் சங்கதிகள் திறந்தபடி போய்க்கொண்டிருந்தன. வழியில் எவனும் படிக்கலாம். இப்பொழுது பெரும்பாலும் ஒட்டிய கவரில்தான் போகின்றன. கவரின்மேல் உள்ள விலாசம் மாத்திரம் தபால்காரனுக்குத் தெரியும். உள்ளே இருப்பது பாடமா, படமா, பாங்கிக் கணக்கா என்பது தெரியாது. ஆகவே அவனால் செய்யக்கூடியது இரண்டே காரியம். ஒன்று, அந்த விலாசத்துக்குப் போகும் தபால் முழுவதையும் நிறுத்துவது. மற்றது, எல்லோருடைய கவரையும் உடைத்துப் படிப்பது.

முதல் காரியத்தைப் பார்ப்போம். எக்ஸ் என்னும் தளம் வயது வந்தோருக்கான படங்களை 2024 முதல் தன் விதியிலேயே பகிரங்கமாக அனுமதித்திருக்கிறது. அதே தளத்தில்தான் மந்திரிகளும், போலீஸ் இலாகாவும், பத்திரிகைகளும் எழுதுகின்றன. ஒன்றை மூடினால் எல்லாவற்றையும் மூடவேண்டும். வாட்ஸ்அப்பில் ஒருவன் மற்றொருவனுக்கு அனுப்பும் படத்தையோ அக்கம்பெனியே பார்க்க முடியாதபடி பூட்டி வைத்திருக்கிறது. இரண்டாவது காரியமோ, ஒரு படத்தைப் பிடிப்பதற்காக ஊரார் கடிதம் முழுவதையும், வைத்தியரிடம் சொன்ன இரகசியம் வரையில், ஒரு கம்பெனிக் குமாஸ்தா படிக்கும்படி விடுவதாகும். இதற்கு மானமுள்ள எவனாவது சம்மதிப்பானா?

அதோடு, வி.பி.என். என்று ஒன்று இருக்கிறது. அது கவருக்குள் கவர் வைப்பது. வெளி விலாசம் ஏதோ ஒரு தேசத்து ஆபீசுக்கு இருக்கும். அங்கு போனபிறகு உள் கவர் பிரிக்கப்படும். இதைக் கற்றுக்கொள்ள காலேஜ் படிப்பு வேண்டியதில்லை. இங்கிலாந்தில் 2025 ஜூலை 25 முதல் ஆபாசத் தளங்கள் வயதைச் சோதித்த பின்பே உள்ளே விடவேண்டுமென்று சட்டம் அமுலுக்கு வந்தது. உடனே அந்நாட்டில் ஜனங்கள் அதிகமாக இறக்கிக்கொண்ட செல்போன் செயலிகள் எவை தெரியுமா? இந்த வி.பி.என். செயலிகள்தாம்!

ஆஸ்திரேலியாவின் கதை இன்னும் வேடிக்கையானது. 2007-ம் வருஷத்தில் அந்த சர்க்கார் 8 கோடியே 40 லட்சம் டாலர் திட்டத்தில் வீடுகளுக்கு இலவச வடிகட்டி ஒன்றைக் கொடுத்தது. 16 வயதுப் பள்ளிக்கூடப் பையன் ஒருவன் அரை மணி நேரத்தில் அதைத் தாண்டிக் காட்டினான். பிறகு வந்த சர்க்கார், கம்பெனிகளே கட்டாயமாக வடிகட்ட வேண்டுமென்று கிளம்பிற்று. 2009-இல் இரகசியமாக வைத்திருந்த தடை ஜாபிதா வெளியாகிவிட, அதில் குவீன்ஸ்லாந்தில் பல் பிடுங்கும் ஒரு வைத்தியரின் தளமும் இருக்கக் கண்டு ஊர் சிரித்தது. 2012 நவம்பரில் திட்டத்தையே கைவிட்டார்கள். பல் வைத்தியரில் என்ன ஆபாசத்தைக் கண்டார்களோ நாம் அறியோம்!

நிற்க, இதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. எது ஆபாசம் என்று தீர்மானிப்பவர் யார்?

யந்திரத்தைக் கொண்டு தீர்மானிக்கலாம் என்பார்கள். யந்திரத்திற்கு வார்த்தை தெரியுமேயன்றி அர்த்தம் தெரியாது. இங்கிலாந்தில் ஸ்கன்தார்ப் என்று ஓர் ஊர். அப்பெயரின் நடு எழுத்துக்கள் அவர்கள் பாஷையில் ஒரு கெட்ட வார்த்தை ஆகிவிடுவதால், 1996-இல் ஒரு பெரிய கம்பெனியின் வடிகட்டி அவ்வூராரைக் கணக்கே திறக்க விடவில்லை. நம் ஊருக்கு வருவோம். மனுக் கொண்டுவந்த பெரியவர்கள் பவுர்ணமி தவறாமல் 14 கிலோமீட்டர் மலையைச் சுற்றுகின்றவர்கள். அவர்கள் கும்பிடும் அம்மனுக்குப் பெயர் என்ன? உண்ணாமுலையம்மன்! இந்த ஜில்லாவில் அப்பெயரை வைத்துக்கொண்ட பெண்கள் எத்தனையோ பேர். சல்லடை கட்டின மறுநாள், இவர்களுடைய அம்மனே அல்லவா முதலில் மாட்டிக்கொள்வாள்? மார்பில் கட்டி கண்டு, அது புற்றுநோயோ என்று பயந்து விவரம் தேடும் ஏழைப் பெண்ணின் கதி என்ன? இது வெறும் கற்பனையல்ல. இங்கிலாந்தில் 2013-இல் பெரிய கம்பெனிகள் வடிகட்டி வைத்தபோது, அவற்றில் ஒன்று, பலாத்காரத்திற்கு ஆளான பெண்களுக்கு உதவும் எடின்பரோ நிலையத்தின் தளத்தையே மூடிவிட்டது.

யந்திரம் வேண்டாம், மனிதரே தீர்மானிக்கட்டும் என்றால், அதன் யோக்கியதையையும் பார்த்தாயிற்று. 1877-இல் லண்டனில் பெசண்ட் அம்மையார்மீது ஆபாச வழக்குப் போட்டார்கள். ஏன்? கர்ப்பத்தடையைப் பற்றிய ஒரு புஸ்தகத்தை வெளியிட்டதற்காக. அடுத்த வருஷம் அந்த அம்மாளின் பெண்குழந்தையையே அவரிடமிருந்து பிரித்துவிட்டார்கள். 1952-இல் இந்திய சர்க்காரே குடும்பக் கட்டுப்பாட்டைத் தன் திட்டமாக்கிற்று. அன்று ஜெயிலுக்குரிய ஆபாசம், பிறகு சுவரில் எழுதும் சர்க்கார் விளம்பரம்! 2002-இல் 'முலைகள்' என்று தன் கவிதைப் புஸ்தகத்திற்குப் பெயர் வைத்ததற்காகக் குட்டி ரேவதியைத் தமிழ்நாட்டில் எப்படியெல்லாம் ஏசினார்கள்? 2010-இல் வந்த 'மாதொருபாகன்' நாவலுக்காகப் பெருமாள்முருகனை 2015 ஜனவரியில் நாமக்கல்லில் வருவாய் அதிகாரியின் முன்னிலையில் உட்காரவைத்துக் கையெழுத்து வாங்கினார்களே, அந்தக் கையெழுத்து அவரைக் கட்டுப்படுத்தாது என்று சொல்ல 2016 ஜூலையில் சென்னை ஹைகோர்ட்டு வேண்டியிருந்ததே! தேரிலும் கோபுரத்திலும் ஆணும் பெண்ணும் இருக்கும் கோலத்தை மரத்திலும் சுதையிலும் செய்து வைத்து, குழந்தை குட்டியோடு போய்க் கும்பிடுகின்றவர்களுக்கு அது பக்தி. ஒரு பெண் தன் உடம்பைப் பற்றித் தானே எழுதினால் அது ஆபாசம்! இப்படிப்பட்டவர்கள் கையிலா சல்லடையைக் கொடுப்பது? அதுவும், தடைக் கோரிக்கைகளை இரகசியமாக வைக்கவேண்டுமென்று 2009-ம் வருஷத்துத் தடை விதிகளில் 16-வது விதி சொல்லுகின்றது. இன்று படத்தை மூடச் செய்த சல்லடை, நாளை நம் பத்திரிகையை மூடினால், மூடினது யார், ஏன் என்றுகூட நமக்குத் தெரியாது.

"எல்லாம் சரி, குழந்தைகளைக் கெடுத்து எடுக்கும் படங்களையுமா விடச் சொல்கிறீர்கள்?" என்று கேட்கலாம். ஒருநாளும் இல்லை. அது ஆபாசமல்ல, அது குற்றம். ஒரு குழந்தைக்கு இழைத்த கொடுமைக்கு அதுவே சாட்சி. 2012-ம் வருஷத்துப் போக்சோ சட்டமும், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவும் அதற்கென்றே இருக்கின்றன. அதை வைத்திருப்பதே குற்றமாகும் என்பதை 2024 செப்டம்பர் 23-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு உறுதிப்படுத்தி, அதை 'ஆபாசம்' என்ற பேரால் சொல்லவே கூடாதென்றும் கூறிற்று. அத்தகைய தளத்தை மூடுவதோடு நில்லாமல், எடுத்தவனையும் விற்றவனையும் பிடித்து உள்ளே போடவேண்டும். சல்லடை கட்டுவோர் செய்வதென்ன? இந்த மகா குற்றத்தையும், வயது வந்த இருவர் படத்தையும், பல் வைத்தியரையும் ஒரே மூட்டையில் கட்டி, போலீசின் நேரத்தையும் கம்பெனியின் நேரத்தையும் பாழாக்குகின்றார்கள்.

பொள்ளாச்சியை நினைத்துப் பாருங்கள். பெண்களை ஏமாற்றி, கெடுத்து, படம் பிடித்து மிரட்டினார்கள். எந்த வடிகட்டி அதைத் தடுத்திருக்கும்? அந்தப் படங்கள் குற்றவாளிகளின் செல்போனிலேயே அல்லவா இருந்தன? அக்கும்பலை உடைத்தது 2019 பிப்ரவரியில் துணிந்து புகார் கொடுத்த ஒரு காலேஜ் மாணவி. அப்பெண்ணின் பெயரை வெளியில் விட்டதோ போலீஸ் தரப்பே! ஆறு வருஷங்கள் கழித்து, 2025 மே 13-ந் தேதி கோவை மகளிர் கோர்ட்டு ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை விதித்தது. மானம் போய்விடும் என்று பெண்ணைப் பயமுறுத்தி வைத்திருக்கும் சமூகமே அக்கயவர்களின் மூலதனம். படத்தில் இருப்பது தன் மானமல்ல, எடுத்தவனின் குற்றம் என்று ஒரு பெண் உணர்ந்த அன்றே அவர்கள் வியாபாரம் திவாலாகிவிடும்.

சரி, என்னதான் செய்வதென்றால், சொல்லுகின்றோம். பெற்றோர் விரும்பினால் தம் குழந்தையின் செல்போனுக்கு மாத்திரம் பூட்டுப் போட்டுக்கொள்ளும் வசதியைக் கம்பெனிகள் கொடுக்கவேண்டும் என்று மதுரை ஹைகோர்ட் கிளையில் ஒரு வழக்கு நடந்து, 2025 டிசம்பரில் தீர்ப்பாயிற்று. 16 வயதுக்குட்பட்டவர்களுக்கு ஆஸ்திரேலியாவைப் போல் சட்டம் செய்வதைப் பற்றி மத்திய சர்க்கார் யோசிக்கலாமென்றும், அதுவரையில் குழந்தைகள் உரிமைக் கமிஷன்கள் பிரசாரம் செய்யவேண்டுமென்றும் நீதிபதிகள் கூறினார்கள். சட்டம் வந்தபின் அதன் யோக்கியதையைப் பார்ப்போம். வீட்டுப் பூட்டு மாத்திரம் நமக்குச் சம்மதமே. சாவி பெற்றோரிடம் இருக்கட்டும், சர்க்காரிடம் வேண்டாம்.

ஆனால் பூட்டு மாத்திரம் போதாது. தன் உடம்பைப் பற்றிக் கேட்கும் பிள்ளைக்கு வீட்டில் அடி. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அந்தப் பாடத்தைப் புரட்டிவிட்டு, "வீட்டில் படித்துக்கொள்" என்கிறார். 2009-இல் ராஜ்யசபை மனுக் கமிட்டி ஒன்று, பள்ளிகளில் பால்கல்வியே கூடாதென்று சிபாரிசு செய்தது. யோக்கியமான ஆசிரியனை வாசலில் நிறுத்திவிட்டால், அயோக்கியனான ஆசிரியன் ஜன்னல் வழியாக வரமாட்டானா? செல்போன் படம்தான் இன்று நம் பிள்ளைகளுக்கு அப்பாடம் நடத்துகிறது என்றால், அந்த உத்தியோகத்தை அதற்குக் கொடுத்தது நம்முடைய வாய்மூடித்தனமேயாகும்.

ஆகவே, வேங்கிக்கால் பெரியவர்களே, மனுவை மாற்றி எழுதிக்கொண்டு வாருங்கள். ஜில்லாவின் ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் உடம்பைப் பற்றியும், சம்மதம் என்றால் என்ன என்பதைப் பற்றியும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒருசேரச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று எழுதுங்கள். குழந்தைகளுக்கான 1098 நம்பர் ஒவ்வொரு வகுப்பிலும் தொங்கவேண்டும் என்று எழுதுங்கள். தன் படத்தைப் போட்டுவிட்டான் என்று அழுதுகொண்டு வரும் பெண்ணை, "நீ ஏன் அங்கே போனாய்?" என்று கேட்கும் அதிகாரிக்கு அடுத்த நாள் அங்கு வேலையில்லை என்று எழுதுங்கள். அந்தக் காகிதத்தில் நாம் முதல் கையெழுத்தே போடுகின்றோம். நகல் எடுக்கும் செலவும் நம்முடையது.