முப்பது காதம்

சென்னையிலிருந்து மதுரைக்கு விமானத்தில் 1 மணி 10 நிமிடம்தான் என்று ஒரு விளம்பரம் இந்த வாரம் கண்ணில் பட்டது. அப்போது வந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அம்பத்தூரில் இருப்பவர் மீனம்பாக்கம் போய்ச் சேரவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பாதுகாப்புச் சோதனைக்கு முன்னதாகவே போய் நிற்கவேண்டும். மதுரையில் இறங்கி, பெட்டி வரும்வரை காத்திருந்து, அவனியாபுரம் நெரிசலைத் தாண்டி மாசி வீதிக்கு வரவேண்டும். வாசலுக்கு வாசல் கணக்குப் போட்டால் ஐந்து மணி நேரம் ஓடிவிடும். 2024 ஆகஸ்டில் தொடங்கிய நாகர்கோவில் வந்தே பாரத் எழும்பூரிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் மதுரையில் இறக்கிவிடுகிறது. சாலை வழியே 460 கிலோமீட்டர் சொச்சம். காரில் எட்டு மணி நேரம். பறக்கிற நேரத்தை மட்டும் பயண நேரம் என்று அச்சடிப்பது ஏமாற்று வேலை.

இந்தப் பத்தியை விடாமல் படிப்பவர்களுக்கு நான் அடுத்து எங்கே போவேன் என்று தெரியும். சிலப்பதிகாரம் என் மேசையை விட்டு இறங்கியதே இல்லை.

புகாரிலிருந்து ஒரு காதம் நடந்ததுமே கண்ணகிக்குக் கால் நோகிறது, மூச்சு வாங்குகிறது. மதுரை எது என்று கேட்கிறாள். நம் நாட்டுக்கு அப்பால் முப்பது காதம், பக்கம்தான் என்று சிரித்தபடி சொல்கிறான் கோவலன். வீட்டுப் படி தாண்டிப் பழகாதவளிடம் ‘பக்கம்தான்’ என்று மட்டும் சொல்லியிருக்கலாம். எத்தனையோ மறைத்தவன் அவன், தூரத்தை மறைக்கவில்லை. அந்த இடத்தில் எனக்கு அவனைப் பிடித்துப்போகிறது.

உறையூரைத் தாண்டியதும் மாங்காட்டு மறையவன் ஒருவன் வழி சொல்கிறான். கொடும்பைக் குளத்தருகே பாதை சூலம்போல மூன்றாகப் பிரியும். வலப்பக்கம் சிறுமலை வழி, இடப்பக்கம் அழகர்மலை வழி, நடுவில் ஒன்று. எந்த வழியில் என்ன மரம் நிற்கும், எதற்கு அஞ்சவேண்டும் என்று ஒன்று விடாமல் சொல்கிறான். சிறுமலையில் அவன் காட்டும் வாழை இன்றும் அங்கே விளைகிறது. புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. பிறகு பாண்டிய நாட்டு வெயிலுக்கு அஞ்சி நிலா வெளிச்சத்தில் நடக்கிறார்கள். ஊர் நெருங்கிவிட்டதைத் தென்றல்தான் சொல்கிறது. சந்தன வாசமும் பூ வாசமும் அடுக்களைப் புகையும் கடைத்தெருவில் பலகாரம் சுடும் புகையும் அதில் கலந்து வருகின்றன. மதுரைக்கு வந்து சேர்வதை இதைவிட நன்றாக யாரும் எழுதி நான் படித்ததில்லை.

திருச்சியிலிருந்து மதுரைக்குக் காரில் போகிறவர்கள் விராலிமலையைத் தாண்டியதும் கொடும்பாளூரை ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள். அந்தக் கொடும்பைதான் இது. மூவர் கோயிலில் மிஞ்சிய இரண்டு கோயில்கள் அங்கே நிற்கின்றன. கிளம்புமுன் காடுகாண் காதையைப் படித்துவிடுங்கள்.