கையொப்பம் செல்லாது, கழுத்துக் கயிறு செல்லுமாம்!

பதினேழு வயதுப் பெண் ஒருத்தி நூறு ரூபாய்க்குக் கடன் பத்திரம் எழுதிக் கையொப்பமிடுகிறாள். செல்லாது என்கிறது சட்டம். மைனர் செய்யும் ஒப்பந்தம் தொடக்கம் முதலே வெற்றுத்தாள் என்று 1903இல் பிரிவி கவுன்சிலே தீர்ப்பளித்துவிட்டது. சிறுமி ஏமாந்துவிடக் கூடாதே என்னும் கவலை! வாழ்க அக்கவலை!

அதே பெண்ணின் கழுத்தில், ஊர் கூடி ஓமம் வளர்த்து, ஒருவன் கயிறு கட்டுகிறான். அது செல்லுமாம்!

18 வயது நிறைந்தவரே மேஜர் என்று வரையறுத்த 1875ஆம் ஆண்டுச் சட்டம், திருமணத்தை மட்டும் தீண்டமாட்டேன் என்று தன் இரண்டாம் பிரிவிலேயே ஒதுங்கிக்கொண்டது. காணி நிலத்துக்குக் காட்டிய கருணையைக் கன்னிக்குக் காட்ட, ஆளவந்த வெள்ளையனுக்கும் அச்சம்!

அதன் விளைவைக் கண்டவர் ருக்மாபாய். 11 வயதில் மணம் முடிக்கப்பட்டவர். கணவனிடம் போ, அன்றேல் ஆறு திங்கள் சிறை என்றது 1887இல் பம்பாய் உயர்நீதிமன்றம். சிறையே மேல் என்றார் அந்த நங்கை! பின்னர் இலண்டன் சென்று மருத்துவம் கற்றுத் திரும்பினார்.

அது அந்தக் காலம் என்பீரோ? 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தைப் புரட்டுங்கள், தோழர்களே! நடத்திவைத்தவருக்கு இரண்டாண்டுவரை கடுங்காவல் உண்டு. நடந்த திருமணமோ, கடத்தியும் விற்றும் செய்தவை போன்ற சில நீங்கலாக, தானே அழியாது. குற்றவாளி சிறையில், குற்றமோ உயிரோடு! அறுத்தெறிய வேண்டியவள் அந்தச் சிறுமியே. மேஜராகி இரண்டாண்டு நிறையுமுன் நீதிமன்றப் படியேற வேண்டும். மைனராகவே ஏறினால் காப்பாளரோ வேறொரு துணைவரோ தடுப்பு அலுவலருடன் சேர்ந்து அவளுக்காக மனுச் செய்ய வேண்டும்.

யார் அந்தக் காப்பாளர்? 1956ஆம் ஆண்டின் இந்து இளவர், காப்பாளர் சட்டம் ஆறாம் பிரிவில் விடை தருகிறது: மணமான சிறுமிக்குக் காப்பாளன் அவள் கணவனே! பூட்டியவன் கையிலேயே சாவி! பத்தாம் பிரிவு இன்னும் விந்தை. மைனர் ஒருவன் மற்றொரு மைனரின் சொத்துக்குக் காப்பாளனாக முடியாதாம். சொத்துக்கு முடியாது, சரி, அவள் உடலுக்கு? அதைப்பற்றி அப்பிரிவு வாய் திறக்கவில்லை.

நம் தமிழ்நாட்டிலேயே, 20 முதல் 24 வயதுள்ள பெண்களில் 12.8 விழுக்காட்டினர் 18 நிறையுமுன் மணமானவர்கள் என்றது 2019-21ஆம் ஆண்டு தேசியக் குடும்ப நல ஆய்வு. கோடை விடுமுறை கழிந்து வருகைப் பதிவேட்டை வாசிக்கையில், ஒரு பெயருக்கு மட்டும் பதில் வராத காலைப்பொழுதை ஆசிரியனாகிய நான் அறிவேன். அவளா வழக்கறிஞரைத் தேடிப் போவாள்?

திருமணம் செல்லாதெனில் பிறந்த குழந்தையின் கதி என்ன என்று கசிந்துருகுவோர் உளர். நீக்கப்பட்ட குழந்தை மணத்தில் பிறந்தோருக்கும் சட்ட உரிமை உண்டென 2006ஆம் ஆண்டுச் சட்டமே கூறியிருக்கிறது. அதை விரிவாக்கத் தடை ஏது?

கருநாடகம் 2017இல் துணிந்தது. அங்கு அதன்பின் நடக்கும் குழந்தை மணம் தொடக்கம் முதலே செல்லாது. நாடு முழுமைக்கும் அதுவே சட்டமாகட்டும். 1956ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து அந்தக் கணவன் நீங்கட்டும். வாக்குக் கேட்டு வருவோரிடம் இவ்விரண்டையும், பிரிவு எண்ணோடு, கேளுங்கள்.