கரிசலை வரைய ஒரு கண்

பயணம் போன இடத்தைப் படமாக வரைவது 18-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய ராணுவ அதிகாரிகளின் பொழுதுபோக்காக மதராசுக்கும் வந்தது. இத்தகைய நிலக்காட்சிகளுக்கு முன்மாதிரி, ரோமில் வாழ்ந்து 1682-இல் மறைந்த ஓவியர் கிளாட் லோரைன். ஓரத்தில் இருண்ட மரம், நடுவே நீர், தொலைவில் பொன்னொளி என்பது அவர் பாணி. இத்தாலிக்கு அது அழகாகப் பொருந்தியது. 1792-இல் தெற்கே வந்த தாமஸ், வில்லியம் டேனியல் ஓவியர்களுக்கும் அந்தப் பாணிக்கு ஏற்றதாகப் பாபநாசம் அருவி கிடைத்தது. ஆனால் பரளச்சி என்னும் ஊரின் கரிசல் நிலத்தில் அந்தப் பாணி எடுபடாது. வெட்டவெளி, வெடித்த மண், கருவேலம் மண்டிய கண்மாய், கண் கூசும் வெயில். நிழல் குறைந்த இந்த நிலத்தில் மண்ணின் நிறமே ஆழம் காட்டவேண்டும்: மழைக்குப் பின் கன்னங்கரேல், கோடையில் சாம்பல். தூரிகை பிடிக்கும் உள்ளூர் இளைஞர்கள் இத்தாலியப் படங்களைப் பார்த்துப் பழகட்டும். கண்மாய்க் கரையில் உட்கார்ந்தும் வரையட்டும்.