ஒரு ரூபாய்தானேன்னு அமுக்காதீங்க!

தோழர்களே,

சினிமாவுக்கு இருநூறு ரூபாய் கொடுக்கிறவன், ஐம்பது ரூபாய் ஆப்புக்கு யோசிக்கிறான் என்று நம்ம மக்களைக் கிண்டல் செய்பவர்கள் உண்டு. அவர்கள் மூங்கில்துறைப்பட்டு கடைத்தெருவில் ஒரு டீ குடித்துவிட்டுப் பேசட்டும்.

இங்கே கூட்டுறவு சர்க்கரை ஆலையை நம்பி வாழும் ஊர்கள் எத்தனை! கரும்பு கிட்டத்தட்ட ஒரு வருஷப் பயிர். வெட்டி அனுப்பி, கணக்கில் பணம் ஏறினால்தான் கையில் காசு. 14 நாளில் பணம் தரணும்னு 1966 கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை சொல்லுது. நாட்டில் அது நடக்கிற லட்சணம் உங்களுக்கே தெரியும். வருஷத்துக்கு ஒருமுறை வருமானம் பார்க்கிற வீட்டில் மாசாமாசம் சந்தா கேட்டால் தயங்காமல் என்ன செய்வார்கள்?

வாட்ஸ்அப்புக்கே ஒரு காலத்தில் வருஷச் சந்தா இருந்தது. 2016 ஜனவரியில் அதைக் கைவிட்டபோது அந்தக் கம்பெனி சொன்ன காரணம், பலரிடம் கார்டே இல்லை என்பதுதான். இன்றைக்கு யுபிஐ வந்துவிட்டது, டீக்கடையிலும் ஸ்கேன் பண்றோம். அந்தத் தடை போச்சு. ஆனால் புது பயம் வந்திருக்கு, அது நியாயமான பயம்.

"ஒரு ரூபாய் கட்டுங்க, ஒரு வாரம் இலவசம்" என்று வரும். பின் நம்பரைப் போட்டதும் ஆட்டோபே அனுமதி போய்விடும். அடுத்த மாசத்திலிருந்து பின் நம்பர் கேட்காமலே பணம் போகும். 24 மணி நேரத்துக்கு முன்னாடி தகவல் சொல்லணும்னு ரிசர்வ் வங்கி விதி இருக்கு. சொல்றாங்க, பெரும்பாலும் இங்கிலீஷ்ல! ஆப்பை போனிலிருந்து அழித்துவிட்டால் முடிந்தது என்று நினைக்கிறார்கள். முடியாது, அனுமதி அப்படியே இருக்கும். நூறு நாள் வேலைக் கூலி வந்த கணக்கில் இருநூறு ரூபாய் குறைந்தால் அந்த அம்மா யாரிடம் போய்க் கேட்பார்?

இந்த மாதிரி சந்தா வலையைத் தடை செய்யும் விதிமுறைகளை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரிலேயே வெளியிட்டது. காகிதத்தில் இருப்பது போனில் தெரியவில்லை. சேர்வதற்கு ஒரு தொடுதல் போதும் என்றால், விலகவும் ஒரு தொடுதல் போதணும். எச்சரிக்கை எஸ்எம்எஸ் தமிழில் வரணும். நம் கோரிக்கை இந்த இரண்டுதான்.

உழைத்து ஆப் செய்யும் நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கும் இதனால்தான் நஷ்டம். ஒருமுறை ஏமாந்தவர் நல்ல ஆப்புக்கும் காசு தர மாட்டார்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை செய்யுங்கள். வீட்டுப் பெரியவர்களின் ஜிபே, போன்பேயைத் திறந்து, புரொஃபைலில் 'ஆட்டோபே' பகுதியைப் பாருங்கள். அவர்களுக்குத் தெரியாத பெயர் இருந்தால் அவர்களிடம் கேட்டுவிட்டு ரத்து செய்யுங்கள். பணம் போயிருந்தால் 1915 நுகர்வோர் உதவி எண், மோசடி என்றால் உடனே 1930. கல்வராயன் மலையில் சிக்னல் கிடைக்காத ஊர்த் தோழர்கள், சந்தைக்கு இறங்கும் நாளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பகிருங்கள்.

#தமிழில்_எச்சரிக்கை_வேண்டும்