துவைகல்லை அழித்த ரப்பர்

ஏழாம் வகுப்பில் ‘இயற்கைக் காட்சி’ வரையச் சொன்னார்கள். திருச்சிப் பிள்ளைகளுக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது? மலைக்கோட்டை, காவிரி, தென்னை, தூரத்தில் ஸ்ரீரங்கம் கோபுரம். நான் கூடுதலாகக் கரையில் ஒரு துவைகல்லையும், அதன் முன் குனிந்து நிற்கும் என் அம்மாவையும் வரைந்தேன். ஆசிரியர் ரப்பரை வாங்கித் தன் கையாலேயே அழித்தார். “இயற்கைக் காட்சிதானே கேட்டேன்?”

அந்த ரப்பரின் வயது எனக்கு வெகுகாலம் கழித்தே தெரிந்தது. மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்த 1792இல் தாமஸ் டேனியல், அவருடைய சகோதரர் மகன் வில்லியம் ஆகிய ஆங்கிலேய ஓவியர்கள் தெற்கே வந்து மலைக்கோட்டையை வரைந்தார்கள். ‘ஓரியண்டல் சீனரி’ என்று 1795 முதல் 1808 வரை லண்டனில் வெளிவந்த 144 படங்களில் அதுவும் உண்டு. அழகான படம்தான், மறுக்கவில்லை. இவ்வகைப் படங்களில் மனிதர்களும் இருப்பார்கள், பாறையின் உயரத்தைக் காட்டும் அளவுகோலாக, எறும்பளவில்.

மனிதர்களை வரைய வேறு கடை இருந்தது. அதே திருச்சியில் 19ஆம் நூற்றாண்டில் உள்ளூர் ஓவியர்கள் மைக்கா என்கிற அபிரகத் தகட்டில் படம் எழுதி வெள்ளைக்காரர்களுக்கு விற்றார்கள். சாதிக்கொரு தகடு, தொழிலுக்கொரு தகடு. பின்னால் ஊர் இல்லை, ஆறு இல்லை, பெரும்பாலும் வெற்றிடம். நிலத்தின் படத்தில் நாங்கள் இல்லை; எங்கள் படத்தில் நிலம் இல்லை. அபிரகப் படங்களில் ஒரு வேடிக்கையான வகையும் உண்டு. முகம் மட்டும் அட்டையில் இருக்கும். மேலே தகட்டை மாற்ற மாற்ற அதே முகம் வேறு வேறு ஆளாகும். சாதியைப் பற்றி அதைவிட நேர்மையான படத்தை நான் பார்த்ததில்லை.

வெள்ளைக்காரன் போன பிறகு, புதிய நாடு தனக்கு அடையாளம் தேடியபோது டேனியலின் சட்டகத்தையே எடுத்துக்கொண்டது. 1954இல் வந்த ஆயிரம் ரூபாய் நோட்டில் தஞ்சைப் பெரிய கோயில். மாநில அரசின் முத்திரையில் கோபுரம். 1947இல் கோயில் நுழைவுச் சட்டம் வரும்வரை வாசலிலேயே நிறுத்தப்பட்டவர்களுக்கும் சேர்த்து அதுதான் அடையாளமாம். ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தின் அடித்தளம் பழையது, பதின்மூன்று நிலைகளும் முடிந்தது 1987இல்தான். காலண்டரில் அது ஆதி முதல் நிற்பது போல் நிற்கிறது. அதன் எதிரே 2006இல் வைத்த பெரியார் சிலை நான் பார்த்த எந்தக் காலண்டரிலும் இல்லை.

எங்களையும் சேருங்கள் என்று கேட்டால், ‘உழைக்கும் மக்கள்’ என்று முண்டாசு கட்டி, முதுகில் பொதி ஏற்றிச் சுவரோவியத்தின் ஓரத்தில் நிறுத்துகிறார்கள். அது பழைய அபிரகத் தகடுதான். எனக்கு அது வேண்டாம். அம்மாவைக் காட்சிக்குள் வைக்கச் சொல்லவில்லை. அவர் நின்ற இடத்திலிருந்து வரையச் சொல்கிறேன். துணி காயும்வரை அவரும் வெற்றிலை போட்டுக்கொண்டு அக்கரை மலைக்கோட்டையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அங்கிருந்து பார்த்தால் அது சின்னது. முன்னால் பெரிதாகத் தெரிவது துவைகல்லும், வெள்ளாவிப் பானையும், சவுக்காரம் கரைந்து ஓடும் காவிரியும்.