கல்லாப் பெட்டிக்குப் பூட்டு; கணக்குப் பெட்டிக்கு?



குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிவிட்டால் தென்காசியில் நமக்கு ஓய்வு கிடையாது. பேரருவிக்கும் ஐந்தருவிக்கும் கூட்டம் வர வர, ஓட்டல்காரரும் டீக்கடைக்காரரும் சிப்ஸ் போடுகிறவரும் விடியுமுன்னே சரக்குக்கு வந்து நிற்பார்கள். அந்த நேரத்தில் பில் போடும் கம்ப்யூட்டர் திறப்பதற்கே பத்து நிமிடம் எடுத்துக்கொண்டால், வந்தவர் அடுத்த கடைப் படி ஏறிவிடுவார்.

சில ஆண்டுகளுக்கு முன் நமது கடையில் நடந்ததை மறைக்காமல் சொல்கிறோம். கம்ப்யூட்டருக்குள்ளிருந்து பத்து நாட்களாக 'டக் டக்' என்று சப்தம் வந்துகொண்டிருந்தது. சீசன் முடியட்டும், பார்க்கலாம் என்று தள்ளிப் போட்டோம். ஓர் ஆடி மாதச் சனிக்கிழமை காலை அது நின்றே போயிற்று. உள்ளிருந்த ஹார்ட் டிஸ்க் பழுது. கடைசியாகப் பென் டிரைவில் நகல் எடுத்து நான்கு நாட்கள் ஆகியிருந்தன. காகிதம் மிச்சம் என்று நகல் பில் எடுப்பதையும் நிறுத்தியிருந்தோம். ஆக, நான்கு நாள் கடன் பற்று முழுவதும் போயிற்று.

புளியரைக்கு அந்தப் பக்கம் கடை வைத்திருக்கும் ஒருவர் தாமே போன் செய்து, "அண்ணாச்சி, என் பேரில் இவ்வளவு நிற்கிறது, எழுதிக்கொள்ளுங்கள்" என்றார். இன்னும் பலர் அப்படிச் சொன்னார்கள். சிலர் சொல்லவில்லை. அவர்கள் மறந்தார்களா, மறைத்தார்களா என்று நமக்குத் தெரியாது. கேட்கவும் வாய் வரவில்லை. எழுத்தில் கணக்கு இல்லாதவன் எந்த முகத்தோடு கேட்பது?

கம்ப்யூட்டரையே தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கச் சொன்னவர்கள் உண்டு. நாம் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. என்ற புதுவகைச் சேமிப்புத் தட்டை மட்டும் மாற்றினோம். சில ஆயிரம் ரூபாயோடு வேலை முடிந்தது. இன்று நாம் சாம்பிராணி காட்டி முடிப்பதற்குள் கம்ப்யூட்டர் திறந்து நிற்கிறது.

காரணம் எளிது. ஹார்ட் டிஸ்க் என்பது சுழலும் தட்டு. 1956-ல் ஐ.பி.எம். கம்பெனி கொண்டுவந்த முதல் ஹார்ட் டிஸ்க்கில் 24 அங்குல அகலத்தில் 50 தட்டுகள் இருந்தன. எடை சுமார் ஒரு டன். கொள்ளளவோ 50 லட்சம் எழுத்துக்கள்தான். இன்று அது உள்ளங்கையில் அடங்கிவிட்டாலும் வேலை செய்யும் முறை மாறவில்லை. மேஜைக் கம்ப்யூட்டரில் தட்டு நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுற்றுகிறது. ஒரு சிறு கை அதன்மேல் ஓடி ஓடித் தேடுகிறது. நம் கோடவுனில் ஒரே ஒரு ஆள் மிளகாய்க்கு ஒரு மூலை, பருப்புக்கு ஒரு மூலை என்று ஓடுவது போன்றது இது. எஸ்.எஸ்.டி.யில் சுழலும் தட்டும் இல்லை, ஓடும் கையும் இல்லை. எல்லாம் சில்லுகளில் பதிந்திருக்கிறது. உட்கார்ந்த இடத்திலிருந்து கை நீட்டி எடுக்கும்படி எல்லாச் சரக்கையும் அடுக்கி வைத்தது போல. ஹார்ட் டிஸ்க் ஒரு விவரத்தைத் தேட ஒரு வினாடியில் நூறில் ஒரு பங்கு எடுக்கிறதென்றால், இது பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் எடுக்கிறது.

ஆனால் இது எல்லா நோய்க்கும் மருந்து அல்ல. கடைசித் தேதியில் ஜி.எஸ்.டி. தளம் திணறினால் இதனால் ஒன்றும் ஆகாது. இன்டர்நெட் மந்தமானாலும் அப்படியே. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு முடிந்துவிட்டது. 2017-க்கு முன் வந்த பெரும்பாலான கம்ப்யூட்டர்களை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. அப்படிப்பட்ட பழைய பெட்டிக்குச் செலவழிக்குமுன் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்க வேண்டும். அதற்குப் பின் வாங்கியதென்றால் தயங்கவே வேண்டாம்.

மாற்றுமுன் செய்ய வேண்டியவை சில உண்டு. கணக்கு முழுவதையும் இரண்டு இடங்களில் நகல் எடுத்து, அந்த நகல் வேறொரு கம்ப்யூட்டரில் திறக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். திறந்து பார்க்காத நகல், எடை போடாமல் இறக்கிய மூட்டைக்குச் சமம். பில் போடும் மென்பொருளின் லைசென்ஸ் மாற்றத்துக்குப் பிறகும் செல்லுமா என்று விற்றவரிடம் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பழைய ஹார்ட் டிஸ்க்கை மெக்கானிக்கிடமோ காயலான் கடையிலோ கொடுத்துவிடாதீர்கள். நம் வாடிக்கையாளரின் பெயர், போன் நம்பர், கடன் பாக்கி, நாம் வாங்கிய விலை எல்லாம் அதில் இருக்கின்றன. அழித்ததாக நாம் நினைப்பதைக்கூட மீட்டெடுக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். நம் பேரேட்டைத் தெருவில் போடுவோமா? நல்ல நிலையில் இருந்தால் உறை வாங்கிப் போட்டு நகலுக்கு வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் உடைத்துவிட வேண்டும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. ஹார்ட் டிஸ்க் பல நேரங்களில் சப்தம் போட்டு எச்சரிக்கும். எஸ்.எஸ்.டி. பழுதானால் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். அதிலிருந்து விவரத்தை மீட்பதும் பெரும்பாலும் கடினம். மின்சாரம் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் பெட்டியில் கிடந்தால் பதிந்தது மங்கிவிடவும் கூடும். ஜி.எஸ்.டி. சட்டப்படி ஆண்டுக் கணக்குத் தாக்கலுக்குரிய தேதியிலிருந்து 72 மாதங்கள் நாம் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். ஆகவே வேகம் வந்துவிட்டது என்று நகல் எடுப்பதை விட்டுவிடக் கூடாது. கடை எடுத்து வைக்குமுன் கல்லாவை எண்ணுவது போல, தினமும் நகல் எடுப்பதும் வழக்கமாக வேண்டும்.

நமது சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். சாரலுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரை வைத்து, உறுப்பினர்களின் கம்ப்யூட்டர்களைச் சோதிக்க ஏற்பாடு செய்யலாம். தேவைப்படும் தட்டுகளை மொத்தமாக வாங்கினால் விலையும் குறையும். மொத்தக் கொள்முதலின் லாபத்தை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லையே!

ஆயுத பூஜையன்று கம்ப்யூட்டருக்கும் சந்தனம், குங்குமம் வைக்கிறோம். அதோடு ஒரு நாளில் முடித்துக்கொள்ளாமல், மற்ற 364 நாட்களும் அதற்குள் இருக்கும் நம் வாடிக்கையாளரின் நம்பிக்கையைக் காப்போமாக.